உப்பு போர்வெல் தண்ணீரில் உமரிக்கீரை வளர்ப்பது எப்படி?

ஈஞ்சம்பாக்கத்தில் எங்கள் வீட்டிலிருந்து கடல் கூப்பிடு தூரம். போர்வெல் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. குழாய் வாயில் வெள்ளை வெள்ளையாகப் படியும். ஐந்து வருடங்கள் அவரையும் பீன்ஸும் போட்டேன். இலை ஓரம் கருகிச் செடி செடியாகச் செத்தபோது மனம் நொந்துபோனது. அதன் பிறகுதான் தண்ணீருக்கேற்ற செடியைத் தேடினேன். இப்போது மூன்றாவது பருவமாக, கடலோர உப்புச் சேற்றில் தானாக வளரும் உமரிக்கீரையைப் பறிக்கிறேன். தொட்டி, மண் கலவை பற்றியெல்லாம் உங்களுக்குத் தெரியும் என்பதால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

1. தண்ணீரை அளந்துகொள்ளுங்கள்

கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். பேனா வேண்டாம், தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும் திறனை அளக்கும் இ.சி. மீட்டர் வாங்குங்கள். உப்பு கூடினால் அந்தத் திறனும் கூடும். அந்தப் பேனாவும் அளப்பது மின்கடத்தும் திறனைத்தான். ஆனால் அதை 0.5 ஆல் பெருக்கிக் காட்டும் பேனாவும் உண்டு, 0.64 ஆல் பெருக்கிக் காட்டுவதும் உண்டு. ஒரே தண்ணீருக்கு இரண்டு கணக்கு வந்தால் எதை நம்புவது?

எங்கள் தண்ணீர் மீட்டருக்கு 4 டெசிசீமன்ஸ் (மின்கடத்தும் திறனின் அலகு). லிட்டருக்குச் சுமார் இரண்டரை கிராம் உப்பு. தினமும் பத்து லிட்டர் ஊற்றினால் மாதத்துக்கு முக்கால் கிலோ உப்பை நானே தோட்டத்தில் கொட்டுகிறேன். தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு ஆவியாகாது. ஈர மண்ணிலிருந்து பிழிந்தெடுத்த சாற்றின் அளவு 1 டெசிசீமன்ஸைத் தாண்டினாலே பீன்ஸ் விளைச்சல் குறையத் தொடங்கிவிடும். பீட்ரூட் 4 வரை தாங்கும். கடல் நீரோ ஏறத்தாழ 50. அந்த நீர் ஏறி இறங்கும் சேற்றில் வளர்கிற செடி உமரி.

2. விதை

மரக்காணம் உப்பளப் பக்கத்தில் இருக்கும் உறவினர் ஒருவர், காய்ந்து சிவந்த உமரிச் செடிகளை ஒரு பையில் கொண்டுவந்து கொடுத்தார். காகிதத்தின் மேல் கசக்கினால் மினுமினுப்பான கறுப்பு விதைகள் உதிரும். கடுகைவிடச் சிறியவை.

3. முளைக்க வைப்பது (இதை நிதானமாகப் படியுங்கள்)

உப்பில் வளரும் செடிதானே என்று ஆடி மாதத்தில் விதைத்துப் போர்வெல் தண்ணீரையே தெளித்தேன். இருபது நாள் ஆகியும் ஒன்றுகூட முளைக்கவில்லை. மண்ணைக் கிளறினால் விதைகள் போட்டது போட்டபடி மினுங்கின. விதை கெட்டுவிட்டது என்று நினைத்து அந்தத் தட்டை மதில் ஓரம் வைத்துவிட்டேன். ஐப்பசியில் நான்கு நாள் விடாமல் மழை பெய்தது. அடுத்த வாரம் துணி காயப்போட வந்தபோது பார்க்கிறேன், தட்டு முழுக்கச் சிவப்புத் தண்டும் பச்சை இலையுமாக ஊசி ஊசியாக நிற்கிறது. அவ்வளவு நாளும் அந்த விதைகள் உப்பில் செத்துக் கிடக்கவில்லை. மழைக்குக் காத்துக் கிடந்தன.

காரணம் இதுதான். வளர்ந்த உமரி, உப்பை இலைச் செல்களுக்குள் ஒதுக்கி வைத்துக்கொள்ளும். அதனால்தான் அந்த இலை தடித்துச் சாறு நிறைந்திருக்கிறது. விதைக்கு இன்னும் இலை இல்லை. வெளியே உப்பு அதிகமானால் விதையால் நீரை உள்ளே இழுக்க முடியாது.

கேரளத்துப் பொக்காளி நெல் விவசாயிகள் இதை வழிவழியாக அறிந்தவர்கள். உப்பேறிய உவர் வயலில் மண்ணைக் கூம்புகளாகக் குவித்து வைத்து, தென்மேற்குப் பருவமழை அந்த மேடுகளின் உப்பைக் கழுவிய பிறகே முளைகட்டிய விதையை அவற்றின் மேல் விதைப்பார்கள். அறுவடைக்குப் பின் அதே வயலில் உப்புநீரை விட்டு இறால் வளர்ப்பார்கள்.

ஆகவே ஐப்பசியில் விதையுங்கள், மழைநீர் மட்டும் ஊற்றுங்கள். தமிழ்நாட்டில் 2003 முதல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்பதால் மொட்டைமாடிக் குழாய் எப்படியும் இருக்கும். அதன் அடியில் ஒரு டிரம்மை வைத்தால் போதும்.

4. உப்புத் தண்ணீருக்குப் பழக்குதல்

செடி விரல் நீளம் வந்ததும் கால் பங்கு போர்வெல் நீர், ஒரு வாரம் கழித்துப் பாதி, பிறகு முழுவதும். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிக்காதீர்கள். அது உப்பை மேல்மண்ணிலேயே நிறுத்திவிடும். இடைவெளி விட்டு, அடித்துளை வழியே வடியும்வரை ஊற்றுங்கள்.

பின்சேர்க்கை: தென்னைநார்க் கழிவில் விதைத்து முளைக்கவில்லை என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். கழுவாத நார்க்கழிவிலேயே உப்பு இருக்கும். மூன்று முறை நன்னீரில் ஊறவைத்துப் பிழியுங்கள்.

இன்னொருவர் ஜிப்சம் போடலாமா என்று கேட்டார். உவரும் களரும் வேறு வேறு. களர் மண்ணில் கார அமில நிலை (pH) 8.5-க்கு மேல், சோடியம் மண்துகளோடு ஒட்டியிருக்கும். அங்கே ஜிப்சமும், தக்கைப்பூண்டு என்ற பசுந்தாள் உரச் செடியைப் பூக்கும் பருவத்தில் மடக்கி உழுவதும் நல்ல வைத்தியம். கடலோரத்து உவர் மண்ணுக்கு ஜிப்சம் தேவையில்லை. அதுவும் ஓர் உப்புதான். இங்கே உப்பைக் கழுவி இறக்க நல்ல தண்ணீரும் வடிகாலும்தான் வேண்டும்.

5. பறிப்பதும் சமைப்பதும்

நுனியை மட்டும் கிள்ளுங்கள், பக்கக் கிளை விடும். கொதிநீரில் இரண்டு நிமிடம் போட்டு, அந்த நீரை வடித்துவிட்டுப் பாசிப்பருப்போடு கூட்டு வையுங்கள். உப்பு போடவே கூடாது. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு சாப்பிடுங்கள். கீரை வேண்டாம் என்பவர்கள் வேலியோரம் பூவரசும் புன்னையும் வைக்கலாம். இரண்டும் கடற்காற்றைத் தாங்கும்.

பின்சேர்க்கை 2: எண்ணூர்க் கழிமுகத்தில் உமரி தானாகவே மண்டிக் கிடக்கிறதே, பறித்துச் சமைக்கலாமா என்று வடசென்னையிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். தயவுசெய்து வேண்டாம். அனல்மின் நிலையச் சாம்பலும் ஆலைக் கழிவும் கலந்த சேறு அது. உமரி உப்போடு சேர்த்து ஈயம், காட்மியம் போன்ற உலோகங்களையும் உறிஞ்சிக்கொள்ளும். ஒரு கைப்பிடி விதை மட்டும் எடுத்துவந்து உங்கள் வீட்டு மண்ணில் போடுங்கள். ஐப்பசி வந்ததும் விதைக்கலாம்.