மீந்த ரோஸ்ட் மாட்டிறைச்சியைக் குக்கரில் ஏற்றாதீர்கள்

இங்கிலாந்தில் ஞாயிறு மதியம் ஒரு பெரிய மாட்டிறைச்சித் துண்டை ஓவனில் சுட்டு, உருளைக்கிழங்கு, யார்க்‌ஷயர் புட்டிங், கிரேவியுடன் பரிமாறிவிட்டு, மீந்ததைத் திங்களும் செவ்வாயும் வேறு உணவாக்கிச் சாப்பிடுவது நெடுங்கால வழக்கம். இங்கே குடியேறிய நம் குடும்பங்கள் பலவும் அந்த ஞாயிறு உணவை நன்றாகவே கற்றுக்கொண்டுவிட்டன, சறுக்குவது திங்கட்கிழமையில்தான். என்னிடம் சமையல் பழக வரும் இளைஞர்கள், நான் ஒரு காலத்தில் செய்த அதே பிழைகளை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்வதைப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன். கெட்ட வாடை வந்த கறியைச் சாப்பிடக் கூடாது என்பது போல எல்லோரும் அறிந்தவற்றை விட்டுவிடுகிறேன்.

வெந்த கறியை மறுபடி வேகவைப்பது

இன்றைக்கும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுதான். மாட்டுக்கறி என்றதும் குக்கரைத் தேடுவதும், நான்கைந்து விசில் விடுவதும் நம் கைக்குப் பழகிய வேலை. பச்சைக் கறிக்கு அது பொருந்தும். ஏற்கெனவே ஓவனில் பக்குவமாகச் சுட்ட கறிக்கு அதைவிடப் பெரிய கேடு வேறில்லை.

அண்மையில் ஓர் இளம் தம்பதியின் வீட்டில் இதை நேரிலேயே பார்த்தேன். ஞாயிறன்று நடுப்பகுதி இளஞ்சிவப்பாக, கத்தி பட்டதும் சாறு கசியும் பதத்தில் அருமையாக வந்திருந்த, டாப்சைடு எனப்படும் தொடைக்கறித் துண்டு அது. மறுநாள் மாலை கணவர் மீந்ததைப் பெரிய துண்டுகளாக நறுக்கி, இஞ்சி பூண்டு விழுதும் மிளகாய்த்தூளும் சேர்த்துக் குக்கரில் வைத்து ஐந்து விசில் விட்டிருந்தார். மூடியைத் திறந்தபோது துண்டுகள் சுருங்கிச் சாம்பல் நிறமாகியிருந்தன. ஒன்றை எடுத்து விரலால் பிரித்தால் தேங்காய் நார் போல இழை இழையாக வந்தது. கறி இன்னும் வேகவில்லை என்று எண்ணி, அவர் மேலும் மூன்று விசில் விட்டார். வேகாத கறியும், வெந்து காய்ந்துபோன கறியும் பல்லுக்கு ஏறக்குறைய ஒரே மாதிரி கடினமாகப் படுவதால், பழக்கமில்லாதவர்கள் நோயை மருந்தென்று நினைத்து இப்படி மேலும் மேலும் வேகவைத்துக்கொண்டே போகிறார்கள்.

காரணம் கறியின் அமைப்பில் இருக்கிறது. இறைச்சியின் உட்புறம் ஏறத்தாழ 55 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரை சூடேறும்போது எடுத்தால் அது மென்மையாக இருக்கும். 65 டிகிரியைத் தாண்டத் தாண்ட, தசை இழைகள் சுருங்கித் தம்முள் இருக்கும் நீரைப் பிழிந்து வெளியே தள்ளுகின்றன. குக்கருக்குள் வெப்பம் 120 டிகிரியை நெருங்கும். ஷின் எனப்படும் கால்கறியிலும், பிரிஸ்கெட் எனப்படும் நெஞ்சுக்கறியிலும் தசைகளைப் பிணைக்கும் கொலாஜன் என்னும் புரதம் மிகுதி என்பதால், நீர் வெளியேறினாலும் கொலாஜன் உருகி ஜெலட்டினாகிக் கறியை வழுவழுப்பாக்கிவிடுகிறது. ரோஸ்டுக்கென்று வாங்கும் டாப்சைடிலும், சர்லாயின் எனப்படும் முதுகுக்கறியிலும் அவ்வாறு உருகுவதற்குப் போதிய கொலாஜன் கிடையாது. நீர் போனது போனதுதான், சுற்றிலும் எவ்வளவு குழம்பு நின்றாலும் அது உள்ளே திரும்புவதில்லை.

அப்படியானால் சூடாக்காமல் விடலாமா என்று கேட்பார்கள். மீந்த கறியைச் சூடாக்கிச் சாப்பிடுவதானால், உள்வரை ஆவி பறக்கும்படி சூடாக்கத்தான் வேண்டும். பிரிட்டனின் உணவுத் தர முகமை 70 டிகிரியில் 2 நிமிடம் என்று அளவு சொல்கிறது. பெரிய துண்டு அந்தச் சூட்டை நடுவரை எட்டுவதற்குள் அதன் வெளிப்புறம் காய்ந்துவிடும். காகிதத்தைவிடச் சற்றே கனமாக இருக்கும்படி மெல்லியதாக வெட்டிய கறியோ, கொதிக்கும் குழம்பில் விழுந்த இரண்டு மூன்று நிமிடங்களில் முழுவதும் சூடேறிவிடும். எனவே மசாலாவை முதலில் முடித்துவிடுங்கள்: வெங்காயமும் தக்காளியும் வதங்கி, தூள்களின் பச்சை வாசனை போய், எண்ணெய் பிரிந்து, குழம்பு உப்பு காரம் சரிபார்த்துக் கொதித்துக்கொண்டிருக்கும்போது கறியைப் போட்டு, ஆவி பறந்ததும் இறக்குங்கள். ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்து இந்தியாவில் மீந்த ரோஸ்டை வெங்காயம், மிளகாயுடன் வதக்கிய ஜல்ஃப்ரேசியும் இந்த முறையில் அமைந்ததுதான். நீண்ட நேரம் அடுப்பில் இருக்கும் உணவுதான் வேண்டுமென்றால் காட்டேஜ் பை செய்யலாம். பொடியாகக் கொத்திய கறி கெட்டியான கிரேவியில் மூழ்கியிருப்பதாலும், மேலே மசித்த உருளைக்கிழங்கு மூடியிருப்பதாலும் ஓவனின் வறட்சி அதை அவ்வளவாகத் தாக்காது.

மீந்தது மெதுவாக வேகவைத்த பிரிஸ்கெட்டாக இருந்தால் இவ்வளவு அச்சம் தேவையில்லை. அது இரண்டாவது கொதியையும் தாங்கும்.

நாரின் போக்கிலேயே வெட்டுவது

குறுக்கே வெட்டுங்கள்.

ஞாயிறு இரவே முழுவதையும் நறுக்கிவைப்பது

நறுக்கிய ஒவ்வொரு பரப்பிலும் காற்றுப் படும். காற்றுப் பட்ட கொழுப்பு ஆக்சிஜனேற்றம் அடைந்து, ஓரிரு நாளில் பழைய கறிக்கே உரிய மக்கல் வாடை ஏறும். எத்தனை மசாலா போட்டாலும் அந்த வாடை மறையாது. துண்டை முழுதாகவே இறுகச் சுற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, சமைக்கும் நேரத்தில் தேவையான அளவு மட்டும் வெட்டிக்கொள்ள வேண்டும். ஏற்கெனவே பரிமாறுவதற்காக வெட்டியது மீந்திருந்தால், அதைக் கிரேவியில் அமிழ்த்தி மூடிவைப்பது நல்லது.

மேசையிலேயே மாலை வரை விட்டுவிடுவது

விருந்தினர் பேசிக்கொண்டிருக்கக் கறி மேசையிலேயே கிடப்பது பல வீடுகளில் நடக்கிறது. கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரின்ஜென்ஸ் என்னும் நுண்ணுயிரியின் வித்துகள் ஓவன் வெப்பத்தில் அழியாமல் தங்கி, கறி மெல்ல ஆறும்போது முளைத்துப் பெருகக்கூடியவை. வயிற்றுவலியும் வயிற்றுப்போக்கும் அதனால் வரும். சமைத்த இரண்டு மணி நேரத்துக்குள் கறி குளிர்சாதனப் பெட்டிக்குள் போக வேண்டும். இரண்டு நாளுக்குள் தீர்த்துவிட வேண்டும்.

உப்பு

கறியிலும் கிரேவியிலும் ஏற்கெனவே இருக்கிறது. சுவைத்த பிறகு போடுங்கள்.

பலமுறை சூடாக்குவது

ஒரு முறைதான்.

தட்டில் வடிந்த கொழுப்பைக் கொட்டுவது

ஓவன் தட்டில் உறைந்து நிற்கும் கொழுப்பைத் தொட்டியில் கொட்டினால், சுவையும் போகும், குழாயும் அடைக்கும். அதன் அடியில் பழுப்பு நிறத்தில் திரண்டிருக்கும் சாறு, திங்கட்கிழமைக் குழம்புக்கு நீங்கள் விலை கொடுத்து வாங்க முடியாத சாரம். மேலே நிற்கும் கொழுப்பில் மீந்த உருளைக்கிழங்கையும் முட்டைக்கோசையும் பிசைந்து தட்டிப் பொரித்தால் பப்பிள் அண்ட் ஸ்குவீக் ஆகிவிடும்.

எதையும் சூடாக்கியே தீர வேண்டும் என்று எண்ணுவது

நம்மில் பலருக்குக் குளிர்ந்த கறி என்றாலே மனம் ஒப்புவதில்லை. இளஞ்சிவப்பு மாறாத ரோஸ்டை, ஒழுங்காகக் குளிர்வித்திருந்தால், மெல்லியதாகச் சீவி, வெண்ணெய் தடவிய ரொட்டியில் கடுகு விழுதோ, ஹார்ஸ்ராடிஷ் என்னும் காரமான வேரின் விழுதோ வைத்து அப்படியே சாப்பிடலாம். சீவிய பிறகு பத்து நிமிடம் வெளியே வைத்தால் கொழுப்பின் விறைப்பு குறைந்து சுவை தெளிவாகத் தெரியும்.