தொட்டியில் தண்ணீர் இல்லை, திரையில் நூறு சதவீதம்: சென்சாரை வெப்புடன் இணைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

காலை ஏழு மணி. தலைக்கு ஷாம்பு போட்டாயிற்று, குழாயில் காற்றுதான் வருகிறது. ஈரக் கையோடு போனை எடுத்துப் பார்த்தால், நானே எழுதிய பக்கத்தில் பச்சை நிறத்தில் ‘தொட்டி 100%’ என்று இருக்கிறது. மொட்டை மாடிக்கு ஏறி மூடியைத் திறந்தேன். அடியில் படிந்த மண் தெரிந்தது.

நடந்தது இதுதான். தொட்டியின் மூடிக்கு அடியில் எச்சி-எஸ்ஆர்04 என்ற அல்ட்ராசோனிக் சென்சார். அது ஒலியை அனுப்பும். தண்ணீரில் பட்டுத் திரும்பி வர எத்தனை மைக்ரோ வினாடி ஆனது என்று பார்த்து, அதை 58ஆல் வகுத்தால் தூரம் சென்டிமீட்டரில் கிடைக்கும். தூரம் குறைந்தால் தண்ணீர் அதிகம். அன்று, எதிரொலி வந்ததைச் சொல்லும் எக்கோ வயர் கழன்றிருந்தது. எதிரொலி வரவில்லை என்றால், சென்சாரைப் படிக்கும் சின்னக் கணினிப் போர்டில் ஓடும் ஆர்டுயினோ நிரலின் அளக்கும் ஃபங்ஷன் காத்திருந்துவிட்டு 0 என்று திருப்பித் தரும். பூஜ்ஜியத்தை 58ஆல் வகுத்தாலும் பூஜ்ஜியம். தூரம் 0 சென்டிமீட்டர், அதாவது தண்ணீர் சென்சாரைத் தொட்டுக்கொண்டிருக்கிறது, அதாவது தொட்டி நிறைந்துவிட்டது. கணக்கில் பிழையே இல்லை. ‘அளக்க முடியவில்லை’ என்ற செய்தியை ஓர் அளவாக எடுத்துக்கொண்டதுதான் பிழை.

இந்தத் தவறு இந்தச் சென்சாரோடு நிற்பதில்லை. டிஎஸ்18பி20 வெப்பநிலைச் சென்சார், அளந்து முடிக்கும் முன் கேட்டால் 85 டிகிரி என்று சொல்லும். வயர் விட்டுப்போனால் அதைப் படிக்கும் தயார் நிரலான லைப்ரரி −127 என்று சொல்லும். ஈரப்பதம் அளக்கும் டிஎச்டி22 தடுமாறினால் ‘எண் அல்ல’ என்ற மதிப்பு வரும். அதை அப்படியே, சர்வருக்குச் செய்தி அனுப்பும் எழுத்து வடிவமான ஜேசனில் திணித்தால் இன்னும் மோசம். ஜேசனில் அப்படி ஒரு மதிப்புக்கு இடமே கிடையாது, சர்வர் முழுச் செய்தியையும் குப்பையில் போட்டுவிடும். ஈரப்பதம் தெரியாததால் தண்ணீர் அளவும் போச்சு.

எனவே சென்சார் உண்மையில் தரக்கூடிய எல்லையைப் போர்டிலேயே எழுதி வையுங்கள். எச்சி-எஸ்ஆர்04 இரண்டு சென்டிமீட்டருக்குக் கீழே அளக்காது. என் தொட்டியின் ஆழம் 120 சென்டிமீட்டர். இந்த இரண்டுக்கும் வெளியே எது வந்தாலும் எண்ணை அனுப்பாமல் வெற்று மதிப்பை அனுப்ப வேண்டும். ஐந்து முறை அளந்து, வரிசைப்படுத்தி, நடுவில் இருப்பதை எடுங்கள். சராசரி வேண்டாம்: நான்கு முறை 60 வந்து ஒரு முறை 400 வந்தால் சராசரி 128, நடு மதிப்பு அப்போதும் 60தான்.

பழைய எண்ணும் பொய்தான்

எண் சரியாக இருந்தாலும் அது எப்போது வந்தது? பெரும்பாலான முதல் முயற்சிகளில் பக்கம் டேட்டாபேஸின் கடைசி வரியை எடுத்துக் காட்டும். போர்டு முந்தாநாள் செத்துப்போயிருந்தாலும் அந்தக் கடைசி வரி அப்படியேதான் இருக்கும். ‘82%’ என்று தெம்பாகக் காட்டும்.

சர்வருக்குச் செய்தி வந்த நேரத்தைச் சர்வரே குறித்துக்கொள்ளட்டும். போர்டின் கடிகாரத்தை நம்பாதீர்கள். பேட்டரி வைத்த கடிகாரம் இல்லாத போர்டு, இணையத்திலிருந்து நேரம் வாங்கும் வரை 1970இல்தான் வாழ்கிறது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை செய்தி வர வேண்டும் என்றால், பதினைந்து நிமிடம் வராதபோது எண்ணைச் சாம்பல் நிறமாக்கி ‘கடைசியாக 6:40க்கு’ என்று போடுங்கள். வரைபடத்திலும் அப்படித்தான். தகவல் இல்லாத நான்கு மணி நேரத்தைக் கோடு நேராகத் தாண்டிப் போனால், பார்ப்பவர் அந்த நேரமெல்லாம் அளந்ததாகத்தான் நினைப்பார். கோட்டை வெட்டிவிடுங்கள். நேரத்தை உலகப் பொது நேரமான யுடிசியில் சேமித்துவிட்டு, இந்திய நேரத்துக்காக ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டும் வேலையைப் பிரவுசரிடம் விடுவது நல்லது.

இன்னொரு காலப் பிழை ஐம்பதாவது நாளில்தான் வரும். ஆர்டுயினோவின் மில்லி வினாடி எண்ணி 32 பிட், 49.7 நாளில் நிரம்பிப் பூஜ்ஜியத்துக்குத் திரும்பும். ‘இப்போதைய நேரம், அடுத்து அனுப்ப வேண்டிய நேரத்தைத் தாண்டியதா’ என்று கேட்கும் நிரல் அன்று குழம்பும். ‘இப்போதைய நேரத்திலிருந்து கடைசியாக அனுப்பிய நேரத்தைக் கழித்தால் எவ்வளவு’ என்று கேட்கும் நிரல் குழம்பாது. காரணமே தெரியாமல் ரீஸ்டார்ட் செய்து ‘சரியாகிவிட்டது’ என்று விட்டவர்கள் நிறைய பேர்.

அப்புறம், எத்தனை முறை அனுப்புவது? வினாடிக்கு ஒரு முறை என்றால் ஒரு நாளைக்கு 86,400 வரிகள். தொட்டித் தண்ணீர் அவ்வளவு வேகத்தில் மாறுவதில்லை. அளவு ஒரு சதவீதம் மாறும்போது ஒன்று, மாறாவிட்டாலும் ஐந்து நிமிடத்துக்கு ஒன்று. போதும்.

வயர், வோல்ட், வைஃபை

வைஃபை உள்ள இஎஸ்பி8266, இஎஸ்பி32 போர்டுகளின் பின்கள் (வயர் மாட்டும் முனைகள்) 3.3 வோல்ட்டுக்கானவை. எச்சி-எஸ்ஆர்04 எக்கோ பின்னில் 5 வோல்ட் தரும். நேராகச் சொருகினால் பல நாள் ஓடவும் செய்யும், அதுதான் சிக்கல். 1 கிலோ ஓம், 2 கிலோ ஓம் என்று இரண்டு ரெசிஸ்டர் போட்டுப் பிரித்தால் 3.3க்கு இறங்கிவிடும், சில பைசா விஷயம்.

‘வைஃபை அடிக்கடி விட்டுப்போகிறது’ என்று வரும் புகார்களில் கணிசமானவை பவர் பிரச்சினை. வைஃபையில் செய்தி அனுப்பும் அந்த நொடியில் போர்டு 200 மில்லி ஆம்பியருக்குக் குறையாமல் இழுக்கலாம். பழைய சார்ஜர், மாடி வரை இழுத்த மெல்லிய வயர் என்றால் அந்த நொடியில் வோல்டேஜ் படுத்துவிடும், போர்டு ரீசெட் ஆகும். நான் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளை நிரலுக்குள் தேடியே தொலைத்தேன். நல்ல அடாப்டர், தடிமனான வயர், போர்டுக்குப் பக்கத்தில் ஒரு 470 மைக்ரோஃபாரட் கபாசிட்டர், இதையெல்லாம் முதலில் பாருங்கள்.

இஎஸ்பி8266இல் 0, 2, 15 எண் பின்களுக்கு போர்டு கிளம்பும்போது வேறு வேலை இருக்கிறது. அங்கே, மோட்டாரை ஆன், ஆஃப் செய்யும் மின் சுவிட்சான ரிலேயை மாட்டாதீர்கள். இஎஸ்பி32இல் வோல்டேஜை எண்ணாக மாற்றும் ஏடிசி இரண்டு உண்டு. இரண்டாம் ஏடிசியின் பின்கள் வைஃபை ஓடும்போது அளக்க உதவாது. 32 முதல் 39 வரையுள்ள எண்களில் இருப்பது முதல் ஏடிசி, அதை எடுங்கள். தொட்டிக்குள் ஆவி படிந்து சாதாரண அல்ட்ராசோனிக் சென்சார் கெடும். நீர் புகாத ஜேஎஸ்என்-எஸ்ஆர்04டி வாங்கலாம், ஆனால் அதற்கு முன்னால் இருபது சென்டிமீட்டர் சொச்சம் அளக்க முடியாத குருட்டு இடம். நிரம்பி வழியும் குழாயைவிட அந்த அளவுக்கு மேலே பொருத்த வேண்டும்.

மோட்டாரை இணையத்தில் கட்டும்போது

அளவைப் பார்ப்பதோடு நின்றால் பொய் சொல்லும் பக்கத்தால் குளியல் மட்டும் கெடும். மோட்டாரை ஆன் செய்யத் தொடங்கினால் கதை வேறு.

இணையத்தில் கிடைக்கும் பல எடுத்துக்காட்டுகளில் ஒரு முகவரியைப் பிரவுசரில் திறந்தாலே ரிலே ஆன் ஆகும். அது, பிரவுசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் முறையான எச்டிடிபியில் ‘கெட்’ கோரிக்கை. ‘கெட்’ என்றால் பார்ப்பதற்கு மட்டும், எதையும் மாற்றாது என்பது வெப் முழுவதும் உள்ள உடன்பாடு. அதை நம்பித்தான் சில பிரவுசர்கள் நீங்கள் தட்டச்சு செய்து முடிக்கும் முன்பே முகவரியைத் திறந்து வைக்கின்றன, சாட் ஆப்கள் முன்னோட்டம் காட்ட உள்ளே எட்டிப் பார்க்கின்றன. குடும்பச் சாட்டில் அந்த முகவரியை ஒட்டினால் யாரும் தொடாமலே மோட்டார் ஓடும். எதையாவது மாற்றும் கட்டளைக்கு ‘போஸ்ட்’, அதோடு கடவுச்சொல் அல்லது டோக்கன் (ரகசியக் குறியீடு).

சிறு கருவிகள் செய்தி பரிமாறும் முறையான எம்க்யூடிடிக்கு மாறினாலும் ஒரு குழி காத்திருக்கிறது. அது 1999இல் எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியாகக் கண்காணிக்கப் பிறந்தது. விட்டு விட்டு வரும் இணைப்புக்கென்றே செய்தது. அதில் ‘ரிடெய்ன்’ என்று ஒரு வசதி: கடைசிச் செய்தியை, நடுவில் நின்று செய்திகளைக் கைமாற்றும் சர்வரான புரோக்கர் வைத்திருந்து, புதிதாக இணைகிறவருக்கு உடனே கொடுக்கும். தண்ணீர் அளவுக்கு அருமையான வசதி. கட்டளைக்கு அதைப் போட்டால், நேற்று மாலை நீங்கள் அனுப்பிய ‘ஆன்’ இன்று கரண்ட் போய் வந்ததும் போர்டின் கைக்கு மறுபடி வரும். நள்ளிரவில் தண்ணீர் தெருவில் ஓடும். எங்கள் தெருவில் ஓடியது. நிலையைச் சொல்லும் செய்திக்கு ரிடெய்ன் போடுங்கள், கட்டளைக்கு வேண்டாம். போர்டு திடீரென்று காணாமல் போனால் புரோக்கரே அறிவிக்கும் ‘கடைசி விருப்பம்’ என்ற வசதியும் அதில் இருக்கிறது. மேலே சொன்ன சாம்பல் நிறத்துக்கு அது உதவும்.

நிறுத்தும் முடிவு போர்டில் இருக்க வேண்டும், சர்வரில் இருக்கக் கூடாது. ‘95% வந்ததும் சர்வர் ஆஃப் அனுப்பும்’ என்று எழுதினால், 94%இல் இணையம் போகும் நாள் நிச்சயம் வரும். வெப் பக்கம் ஆன் செய்யச் சொல்லட்டும். தொட்டி நிறைந்தாலும், சென்சார் பதில் தராவிட்டாலும், இருபது நிமிடம் தாண்டினாலும் போர்டே நிறுத்தட்டும்.

இன்னொன்று: பொத்தானை அமுக்கியதும் பக்கம் ‘மோட்டார் ஆஃப்’ என்று காட்டுகிறதே, அது எதைக் காட்டுகிறது? நீங்கள் அனுப்பிய கட்டளையை. ரிலே மேல் 10 ஆம்பியர் என்று அச்சிட்டிருந்தாலும், கிளம்பும்போது மோட்டார் ஓடும் கரண்ட்டைப் போலப் பல மடங்கு இழுக்கும். சிறிய ரிலேயின் முனைகள் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் எத்தனை ஆஃப் அனுப்பினாலும் ஓடிக்கொண்டே இருக்கும். ரிலேயைக் கொண்டு, பெரிய கரண்ட்டைத் தாங்கும் சுவிட்சான கான்டாக்டரை இயக்குங்கள், 230 வோல்ட் பக்கத்தை எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். பக்கத்தில் காட்டுவது, கரண்ட் சென்சார் சொல்லும் உண்மை நிலையாக இருக்கட்டும்.

வெளியிலிருந்து பார்க்க

வீட்டுக்கு வெளியே இருந்து பார்க்க ரௌட்டரில் போர்ட்டை, அதாவது இணையத்திலிருந்து உள்ளே வரும் வழியை, திறந்துவிடுவது பலரின் முதல் யோசனை. 2016இல் மிராய் என்ற நிரல், தொழிற்சாலைக் கடவுச்சொல் மாற்றாத கேமராக்களையும் ரௌட்டர்களையும் இப்படித்தான் தேடித் தேடிப் பிடித்தது. நம் போர்டு அந்தக் கேமராக்களைவிடப் பலவீனமானது. போர்டு வெளியே இருக்கும் சர்வரைக் கூப்பிடட்டும். வெளியிலிருந்து யாரும் அதைக் கூப்பிட வேண்டாம். பல இணைய இணைப்புகளில் உங்களுக்கென்று தனிப் பொது முகவரியே கிடையாது, திறந்தாலும் வேலை செய்யாது. பக்கம் எச்டிடிபிஎஸ்ஸில் இருந்து போர்டு வெறும் எச்டிடிபியில் இருந்தால் பிரவுசரும் அதைத் தடுத்துவிடும். எல்லாமே நடுவில் ஒரு சர்வரைத்தான் கேட்கின்றன.

சோதனைக்காகத் திறந்து வைத்திருக்கும் பொது எம்க்யூடிடி புரோக்கர்களில் நீங்கள் அனுப்புவதை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், உங்கள் கட்டளைத் தலைப்பில் (கட்டளை போய்ச் சேரும் பெயரில்) யார் வேண்டுமானாலும் எழுதலாம். நிரலைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் ஏற்றுமுன், வைஃபை கடவுச்சொல்லை அங்கே ஏற்றாத தனிக் கோப்புக்கு மாற்றுங்கள். பிறகு அழித்தாலும் பழைய பதிவில் அது இருக்கும். சர்வர் உண்மையானதுதான் என்று காட்டும் சான்றிதழைச் சரிபார்க்காமல் இணைக்கும் வரியை ‘இப்போதைக்கு’ என்று போட்டவர் யாரும் பிறகு எடுத்ததாக நான் பார்த்ததில்லை. சரிபார்க்கிறீர்கள் என்றால் போர்டுக்கு முதலில் சரியான நேரம் வேண்டும், மற்றச் சான்றிதழ்களுக்கு ஆதாரமான மூலச் சான்றிதழும் ஒரு நாள் காலாவதியாகும். இலவசச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்ட் சார்ந்திருந்த பழைய மூலச் சான்றிதழ் 2021 செப்டம்பர் 30 அன்று முடிந்தபோது, அதை மட்டுமே நம்பியிருந்த கருவிகள் பேசாமல் நின்றுவிட்டன.

ஆகவே வைஃபை வழியாகப் புது நிரல் ஏற்றும் வசதியை, பெட்டியை மாடியில் திருகுவதற்கு முன்பே போட்டு, கீழே மேசையில் ஒரு முறை ஏற்றியும் பார்த்துவிடுங்கள். நான் மறந்தேன். மே மாத மதியம், மூன்று மாடி, ஒரு கையில் லேப்டாப், இன்னொரு கையில் ஸ்க்ரூ டிரைவர்.