புகையே இல்லாமல் ஸ்மோக் டிடெக்டர் கத்தினால்

அலாரம் அடித்ததும் பட்டனைத் தேடி ஓடாதீர்கள். முதலில் வீட்டை ஒரு சுற்றுப் பாருங்கள். ஏற்கெனவே பல தடவை சும்மா கத்தியிருந்தாலும் இதே வரிசைதான். புகையோ கருகல் வாடையோ இருந்தால் எல்லோரும் வெளியேறிவிட்டுத் தீயணைப்புத் துறையை அழையுங்கள். ஒன்றுமில்லை என்று உறுதியான பிறகு டிடெக்டரிலோ, ஸ்மார்ட் டிடெக்டர் என்றால் அதன் மொபைல் ஆப்பிலோ உள்ள அமைதிப் பட்டனை அழுத்தலாம். பல மாடல்களில் அது பத்து நிமிடம் போல அலாரத்தை நிறுத்திவைக்கும். அதற்குள் புகை அடர்ந்தால் மறுபடி ஒலிக்கும்.

என்ன சத்தம் என்பதையும் கவனியுங்கள். மூன்று பீப், சிறு இடைவெளி, மீண்டும் மூன்று என்றால் பொதுவாகப் புகை. கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவையும் பார்க்கும் கருவிகளில், அந்த வாயு இருந்தால் நான்கு குறுகிய பீப், இடைவெளி, மறுபடி நான்கு என்று வரும். அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. எனவே கண்ணுக்கு எதுவும் படவில்லை என்பதற்காக அதைப் பொய் அலாரம் என்று தள்ளிவிடாமல் உடனே வெளியே போய்விட வேண்டும். நிமிடத்துக்கு ஓரிரு முறை ஒற்றைக் 'கீச்' என்றால் பேட்டரி தீர்கிறது, அல்லது கருவியின் ஆயுள் முடிகிறது. இது விடியற்காலையில் தொடங்குவதற்குக் காரணம் உண்டு: வீடு குளிரும்போது தீரும் நிலையில் உள்ள பேட்டரியின் வோல்டேஜ் இன்னும் கொஞ்சம் இறங்கிவிடும்.

டிடெக்டர்கள் ஒன்றோடொன்று இணைந்திருந்தால் ஒன்று கத்தும்போது எல்லாமே கத்தும். தொடங்கிவைத்தது எது என்பதை ஆப்பின் பதிவில் பாருங்கள். ஆப் கைவசம் இல்லையென்றால், பல மாடல்களில் தொடங்கிய கருவியின் விளக்கு மட்டும் வேகமாக மினுக்கும். பல அமைப்புகளில் வேறொரு அறையில் உள்ளதை அழுத்தினால் சத்தம் நிற்காது. ஸ்மார்ட் கருவிக்குக் கொடுத்த காசுக்கு உண்மையான பலன் இந்தப் பதிவுதான். எந்த அறை, எத்தனை மணி என்று ஒரு வாரம் குறித்தால் குளிக்கும் நேரமோ, அடுப்பு எரியும் நேரமோ, ஏசி ஓடத் தொடங்கும் நேரமோ தானாக வெளிப்பட்டுவிடும்.

காரணம் புரிய, உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். ஒளி வகை டிடெக்டரில் ஒரு இருட்டு அறை. அதில் ஒரு எல்இடி, அதன் ஒளி நேராகப் படாதபடி ஒரு சென்சார். துகள்கள் உள்ளே வந்தால் ஒளி சிதறி சென்சாரில் படும், அலாரம் அடிக்கும். சிதறடித்தது புகையா, நீராவியா, தூசியா, உள்ளே குடிபுகுந்த குட்டிச் சிலந்தியா என்று எளிய மாடல்களுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. இன்னொன்றான அயனி வகையில் அமெரிசியம்-241 என்ற கதிரியக்கப் பொருள் சிறிதளவு இருக்கும். இந்த வகை டிடெக்டர் மிக நுண்ணிய துகள்களுக்குச் சட்டென்று துள்ளும். காய்ந்த எண்ணெய், கருகும் ரொட்டி இரண்டும் அதற்குப் பகை. எந்த வகை என்று கருவியின் பின்புற லேபிளில் இருக்கும். குளியலறை ஆவியால் தொல்லை என்றால் ஒளி வகையையும், சமையலால் என்றால் அயனி வகையையும் முதலில் சந்தேகியுங்கள்.

பல நேரம் தொல்லை மாட்டிய இடத்தால் வருவதுதான். அடுப்பிலிருந்து குறைந்தது 3 மீட்டர், குளியலறைக் கதவிலிருந்து 1 மீட்டர், ஏசி காற்று வரும் வாயிலிருந்தும் மின்விசிறி இறக்கை நுனியிலிருந்தும் 1 மீட்டர் தள்ளி மாட்டுங்கள். ஏசி காற்று தூசியைக் கருவிக்குள் தள்ளும். அதைவிட மோசம், நிஜத் தீயின்போது புகையை அண்டவிடாமல் விலக்கிவிடும். சமையலறைக்குள்ளேயே ஒன்று வேண்டுமென்றால் வெப்ப டிடெக்டர் மாட்டலாம். வழக்கமான மாடல்கள் 57 டிகிரி செல்சியஸ் அளவில் ஒலிக்கும். ஆனால் மற்ற அறைகளில் ஸ்மோக் டிடெக்டருக்குப் பதிலாக அதை வைக்காதீர்கள். புகைந்துகொண்டே இருக்கும் தீயை அது மிகத் தாமதமாகத்தான் அறியும்.

சுத்தம் செய்ய ஆறு மாதத்துக்கு ஒருமுறை போதும். மின் இணைப்பில் ஓடும் கருவி என்றால் முதலில் பிரேக்கரை இறக்குங்கள். கருவியைத் திருகிக் கழற்றி, வாக்குவம் கிளீனரில் மென்மையான பிரஷை மாட்டிப் பக்கவாட்டுத் துளைகள் முழுக்க உறிஞ்சுங்கள். வெளிப்புறத்தை லேசாக ஈரமான துணியால் துடைத்தால் போதும். திரவம், பூச்சிமருந்து ஸ்பிரே எதையும் அதன்மேல் அடிக்கக் கூடாது. படியும் பிசுக்கே புதுத் தொல்லை. சீலிங்கில் ஒயர் வரும் துளையைப் பலர் பார்ப்பதே இல்லை. அதன் வழியே வரும் காற்று மேலே உள்ள தூசியையும் பூச்சியையும் பின்பக்கமாக உள்ளே தள்ளும், அதை அடைத்துவிடுங்கள். மாட்டியதும் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள். வீட்டில் பெயிண்ட், தேய்ப்பு வேலை நடந்தால் டிடெக்டரைப் பிளாஸ்டிக் உறையால் மூடலாம், அன்றன்று வேலை முடிந்ததும் எடுத்துவிட வேண்டும்.

ஆப்பில் சென்சிட்டிவிட்டியைக் குறைக்கும் வசதி இருந்தாலும் அதைத் தொடாதீர்கள். பேட்டரியைக் கழற்றிவைப்பது அதைவிட மோசம். 'ஆஃப்லைன்' என்று வரும் அறிவிப்பு வைஃபை பற்றியது. இணையம் போனாலும் கருவி தன் வேலையைச் செய்து சத்தம் போடும்.

இத்தனைக்கும் அடங்கவில்லையா? பின்புறம் அச்சிட்ட தயாரிப்புத் தேதியைப் பாருங்கள். வாங்கிய நாளிலிருந்து அல்ல, அந்தத் தேதியிலிருந்து 10 ஆண்டு ஆகியிருந்தால் மாற்றியே ஆக வேண்டும். அதற்குள் இருந்தால், தொல்லை தரும் டிடெக்டரையும் வேறொரு அறையில் உள்ள அதே மாடலையும் இடம் மாற்றி மாட்டி, ஆப்பில் அறைப் பெயர்களையும் மாற்றிவிட்டு ஒரு வாரம் விடுங்கள். புது அறையிலும் அதே கருவி கத்தினால் கருவியில் கோளாறு. பழைய அறையில் வந்த மற்றது கத்தினால் இடத்தை மாற்றுங்கள்.