விபத்து இழப்பீட்டு கேஸ்: ஏ.ஆர். காப்பியைக் கடைசியில் படிக்காதீர்கள்

தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், மணலி பக்கம் விபத்து கேஸ் எடுக்கும் ஜூனியர்கள், நாங்கள் ஆரம்பத்தில் செய்த அதே தப்புகளையே இன்றும் செய்கிறார்கள். வக்காலத்து, முகவரிச் சான்று போன்றவற்றை விட்டுவிடுவோம். மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு போடுவதற்கு முந்தைய வாரங்களில் நடப்பவை மட்டும் இங்கே.

ஏ.ஆர். காப்பி

அடிபட்டவரை கேஷுவாலிட்டிக்குள் கொண்டுபோனதும் டியூட்டி டாக்டர் ஆக்சிடென்ட் ரெஜிஸ்டரில் (ஏ.ஆர்.) பதிகிறார்: யார் கொண்டுவந்தது, எத்தனை மணி, எங்கே, எதனால், என்னென்ன காயம். விபத்தைப் பற்றி எழுத்தில் ஏறும் முதல் வாசகம் பெரும்பாலும் அதுதான். எஃப்.ஐ.ஆர். பிறகு வருகிறது, சில கேஸ்களில் இரண்டு மூன்று நாள் கழித்து.

எண்ணூர் விரைவுச் சாலையில் ராத்திரி கன்டெய்னர் லாரி உரசி ஒருவர் பைக்கோடு விழுகிறார் என்று வையுங்கள். லாரி நிற்கவில்லை. பின்னால் வந்த ஆட்டோக்காரர் அவரைத் தூக்கிப்போட்டுக்கொண்டு போகிறார். "என்னப்பா ஆச்சு?" என்று டாக்டர் கேட்டால், தான் பார்த்ததைத்தான் சொல்வார்: "வண்டில இருந்து விழுந்துட்டாரு சார்." ரெஜிஸ்டரில் இரண்டே வார்த்தை: 'செல்ஃப் ஃபால்', அதாவது தானாக விழுந்தார். மூன்றாம் நாள் மனைவி கொடுக்கும் புகாரில் லாரியும் அதன் நம்பரும் வருகின்றன. குறுக்கு விசாரணையில் இன்சூரன்ஸ் தரப்புக்கு ஒரு கேள்வி போதும்: "முதல் ஆவணத்தில் லாரியே இல்லையே?" உண்மையான விபத்து, வண்டியைப் பிறகு சேர்த்த கேஸ் என்று தள்ளுபடியாகிவிடும். கால் எலும்பு உடைந்தவர் வெறுங்கையோடு வீட்டுக்குப் போவார். முதல் வாரத்திலேயே அந்த ஒரு தாளைப் படித்திருந்தால் வழி இருந்தது என்பதுதான் இன்றும் ஆத்திரத்தைக் கிளப்புகிறது.

படிக்கும்போது எஃப்.ஐ.ஆரைப் பக்கத்தில் வையுங்கள். நேரம், இடம், ஓட்டியவரா பின்னால் உட்கார்ந்தவரா, வலது காலா இடது காலா, மது வாடை பற்றிய குறிப்பு என ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியையும் பாருங்கள்; ஏ.ஆரில் இருக்கும் தப்பு அதிலும் அப்படியே ஏறியிருக்கும்.

முரண் இருந்தால் டாக்டரிடம் போய்த் திருத்தச் சொல்லாதீர்கள். அடித்துத் திருத்திய ரெஜிஸ்டர் சந்தேகத்தைக் கூட்டத்தான் செய்யும். ஆட்டோக்காரரைத் தேடிப் பிடித்து, தான் மோதலைப் பார்க்கவில்லை, விழுந்து கிடந்ததைத்தான் பார்த்தேன் என்று போக்குவரத்துப் புலனாய்வு அதிகாரியிடம் வாக்குமூலம் கொடுக்க வையுங்கள். வழியில் உள்ள பெட்ரோல் பங்க், கன்டெய்னர் யார்டு வாசல் கேமராக்களின் பதிவு சில நாளிலேயே அழிந்து மேலே புதியது ஏறிவிடும். அதைக் கைப்பற்றச் சொல்லி அன்றைக்கே எழுத்தில் மனு கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குச் சீல் வாங்குங்கள். பதிவோடு பாரதிய சாட்சிய சட்டம் 63-ஆம் பிரிவுச் சான்றிதழும் வேண்டும். பைக்கை மோட்டார் வாகன ஆய்வாளர் பார்க்கும் முன் மெக்கானிக்கிடம் விடவே கூடாது. ஹேண்டில்பார் நுனியில் ஒட்டியிருக்கும் லாரி பெயின்ட்டும், பக்கவாட்டில் நசுங்கிய சைலன்சரும் 'செல்ஃப் ஃபால்' என்பதற்கு நல்ல பதில்கள்.

பின்பக்க நம்பர்

ட்ரெய்லருக்கு ஒரு நம்பர், அதை இழுக்கும் வண்டிக்கு வேறு நம்பர். பின்னால் இருந்து பார்த்தவர் சொல்லும் நம்பர் ட்ரெய்லருடையதாக இருக்கலாம். இரண்டுக்கும் ஆர்.சி., இன்சூரன்ஸ் பாலிசி நகல்களை வாங்குங்கள்.

ஊனச் சதவீதத்தை அப்படியே போடுவது

காலில் 40% ஊனம் என்று சான்றிதழ் வந்தால், வருமான இழப்பும் 40% என்று ஜூனியர் கணக்குப் போடுகிறார். ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, அந்த ஊனம் இவருடைய தொழிலை எவ்வளவு பாதிக்கிறது என்று பார்க்கச் சொல்கிறது. காசிமேட்டில் மீன் கூடை தூக்குபவருக்கும் மேசையில் கணக்கு எழுதுபவருக்கும் ஒரே கால் முறிவு ஒரே இழப்பு அல்ல. 34 வயது, மாதம் 15,000 ரூபாய், எதிர்கால வருமான உயர்வு 40%, வயதுக்கேற்ற பெருக்கி (ஆண்டு வருமானத்தைப் பெருக்கும் எண்) 16 என்றால் முழு இழப்பு 40,32,000. தொழில் சார்ந்த இழப்பு 30% என்று நிரூபித்தால் 12,09,600. ஒவ்வொரு ஒரு சதவீதமும் 40,320 ரூபாய். அவர் தினமும் எவ்வளவு எடை தூக்கினார், இப்போது குந்தி உட்கார முடிகிறதா என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பாஸ்புக், யுபிஐ வரவு, கூலி கொடுத்தவரின் நோட்டுப் பக்கம் எதையும் விடாதீர்கள். சாட்சி சொல்ல வராத முதலாளியின் சம்பளச் சான்று வீண்.

அவசர சமரசம்

மோட்டார் வாகனச் சட்டம் 149-ஆம் பிரிவின்படி இன்சூரன்ஸ் கம்பெனி முன்வைக்கும் தொகை சில கேஸ்களில் நியாயமாகவும் இருக்கும். ஆனால் பிளேட் வைத்த காலுக்கு அதை எடுக்கும் ஆபரேஷன் பாக்கி இருக்கலாம். அந்தச் செலவுக்கு டாக்டரிடம் எழுத்தில் மதிப்பீடு வாங்காமல் 'முழு இறுதித் தீர்வு' என்ற தாளில் கையெழுத்து வேண்டாம். லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றத்தில்) முடித்தால் மேல்முறையீடு கிடையாது. இதைக் குடும்பத்துக்கு முன்கூட்டியே சொல்லுங்கள்.

வந்த தொகையில் பங்கு

வரும் இழப்பீட்டில் ஒரு பங்கை ஃபீஸாகப் பேசவே கூடாது. பார் கவுன்சில் நடத்தை விதி 20.

ஆறு மாதம்

2022 ஏப்ரல் 1-இல் அமலுக்கு வந்த அதே சட்டத்தின் 166(3) பிரிவு, மனு போட விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு மாதம்தான் என்கிறது. அதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறார்கள் என்று நம்பி உட்காராதீர்கள். ஊனச் சான்றிதழ் வரவில்லையென்றாலும் மனுவைப் போட்டுவிட்டு, அதைப் பிறகு தாக்கல் செய்யுங்கள்.