ஃபாரோ: எரர் விண்டோவிலேயே புரோகிராம் எழுதுவது எப்படி?

ஸ்மால்டாக் என்ற புரோகிராமிங் மொழியில் எல்லாமே ஆப்ஜெக்ட் (தரவும் அதன் செயல்களும் சேர்ந்த பொருள்). நடப்பதெல்லாம் ஆப்ஜெக்டுக்கு அனுப்பும் மெசேஜ், அதாவது ‘இதைச் செய்’ என்ற கட்டளை. 1970-களில் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் ஆலன் கே, டான் இங்கல்ஸ், அடேல் கோல்ட்பெர்க் முதலானோர் உருவாக்கிய மொழி இது. இன்று பழகுவதற்கு, இலவசமாகக் கிடைக்கும் ஃபாரோ என்ற ஸ்மால்டாக் வடிவம் போதும்.

1. ஃபாரோ லாஞ்சரை நிறுவி, புதிய இமேஜ் (கோடும் ஆப்ஜெக்டுகளும் சேர்ந்திருக்கும் கோப்பு) ஒன்றை உருவாக்கித் திறங்கள். மெனுவில் பிளேகிரவுண்டை (கோடை எழுதி ஓட்டிப் பார்க்கும் விண்டோ) எடுங்கள்.

2. இதைத் தட்டி, கண்ட்ரோல்-பி அழுத்துங்கள் (மேக்கில் கமாண்ட்-பி):

3 + 4 * 2

விடை 14. கூட்டலும் பெருக்கலும் வெறும் மெசேஜ்கள் என்பதால், இடமிருந்து வலமாக வரிசையில் போகும். 1/3 + 2/3 என்றால் 7/9 வரும்! (1/3) + (2/3) என்று அடைப்புக்குறி போட்டால்தான் 1. கணக்குப் போடும்போது இதில் தடுக்கி விழாதவர் குறைவு.

3. சிஸ்டம் பிரவுசரில் (கிளாஸ்களைப் பார்த்து எழுதும் விண்டோ) ஒரு பேக்கேஜ் (கிளாஸ்களின் தொகுப்பு), அதற்குள் ‘பில்’ என்ற கிளாஸ் (ஆப்ஜெக்டுகளுக்கான அச்சு), அதில் ‘டோட்டல்’ என்ற ஸ்லாட் (மதிப்பை வைக்கும் இடம்) உருவாக்குங்கள். சேமிக்க கண்ட்ரோல்-எஸ். மெத்தட் (மெசேஜ் வந்தால் ஓடும் கோட்) எதுவும் இப்போது எழுத வேண்டாம். (பெயர்களை ஆங்கில எழுத்தில் தட்டுங்கள், கிளாஸ் பெயர் மட்டும் பெரிய எழுத்தில் தொடங்கட்டும்.)

4. பிளேகிரவுண்டில் மூன்று வரிகளையும் தேர்ந்தெடுத்து கண்ட்ரோல்-பி:

பி := பில் நியூ.
பி ஆட்: 40.
பி டோட்டல்

‘ஆட்:’ புரியவில்லை என்று எரர் விண்டோ வரும். மூடிவிடாதீர்கள், வேலை இனிமேல்தான். ‘கிரியேட்’ அழுத்தி, ‘பில்’ கிளாஸைக் காட்டினால் காலி மெத்தட் ஒன்று வரும். உள்ளே எழுதுங்கள்:

ஆட்: தொகை
    டோட்டல் := டோட்டல் + தொகை

சேமித்து ‘புரொசீட்’. உடனே அடுத்த எரர்: நில்லுக்கு (‘எதுவும் இல்லை’ என்ற மதிப்பு) கூட்டல் தெரியாது. மதிப்பு வைக்காத ஸ்லாட் எப்போதும் நில்தான். பிரவுசரில் ‘இனிஷியலைஸ்’ மெத்தட் எழுதி, அதில் டோட்டல் := 0 என்று வையுங்கள். ஆனால் அது, புது ஆப்ஜெக்டை உருவாக்கும் ‘நியூ’ அனுப்பும்போது மட்டுமே தானாக ஓடும். நிற்கிற ஆப்ஜெக்ட் ஏற்கெனவே பிறந்துவிட்டது. எனவே டீபக்கரில் (அந்த எரர் விண்டோதான்) ‘ஆட்:’ வரியைத் தேர்ந்து, கீழே அந்த ஆப்ஜெக்டின் உள்ளடக்கத்தைக் காட்டும் இன்ஸ்பெக்டரில் டோட்டல் := 0 என்பதை ஓட்டி, ‘ரீஸ்டார்ட்’, பிறகு ‘புரொசீட்’ கொடுங்கள். நிரலை முதலிலிருந்து ஓட்டாமல், தரவை உயிரோடு வைத்துக்கொண்டே திருத்துவதுதான் இங்கே வேகம்.

மூன்றாவது எரர் ‘டோட்டல்’ மெத்தட் இல்லை என்பது. அதையும் அப்படியே உருவாக்கி எழுதுங்கள்:

டோட்டல்
    ^ டோட்டல்

விடை 40. ^ குறியை விட்டுவிட்டால் எண் வராது, பில் ஆப்ஜெக்டே திரும்பும். இரண்டாம் வரியின் முற்றுப்புள்ளியை விட்டால், 40-க்கு ‘பி’ என்ற மெசேஜ் போய், முழு எண்ணுக்கு அது புரியவில்லை என்று எரர் வரும்.

5. கண்ட்ரோல்-எஸ் மெத்தட்டை மட்டும்தான் இமேஜுக்குள் சேர்க்கும். இமேஜைத் தனியாக மெனுவில் சேமியுங்கள். பெரிதாக வளர்ந்தால், ஃபாரோவில் உள்ள ஐஸ்பெர்க் கருவி வழியாக கிட்டில் (கோடின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் மென்பொருள்) ஏற்றிவிடுங்கள். இமேஜ் கோப்பு பழுதானாலும் கோட் தப்பிக்கும்.