ஒரு தாள், எட்டுப் பக்கம், ஒரு ரோபோ: குட்டிப் படக்கதை செய்வோம்

லீவு நாளில் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து செய்ய ஏற்ற வேலை இது. ஏ4 தாள் இரண்டு (முதல் தாள் எப்படியும் கெட்டுப்போகும்), பென்சில், கறுப்பு ஜெல் பேனா, கத்தரிக்கோல். படம் வரைய வராது என்று ஒதுங்குபவர்களை மனதில் வைத்துத்தான் ரோபோவைப் பிடித்தேன். டப்பா போடத் தெரிந்தால் போதும்.

படி 1: மடிப்பு

கதைக்கு முன்னால் புத்தகம். தாளை அகலவாக்கில் வையுங்கள். மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் சேர்த்து மடித்துப் பிரியுங்கள். அடுத்து இடமும் வலமும் சேர மடித்து, அதே திசையில் இன்னொரு மடிப்பும் போட்டுப் பிரித்தால் எட்டுக் கட்டம் தெரியும். மறுபடி இடமும் வலமும் சேர ஒரே ஒரு மடிப்பு. மடிந்த பக்கத்திலிருந்து நடுக்கோட்டின் மேலேயே, அடுத்த மடிப்புக்கோடு வரை மட்டும் வெட்டுங்கள். பிரித்து, மேலும் கீழும் சேர மடித்து, இரண்டு ஓரத்தையும் உள்பக்கம் தள்ளுங்கள். வெட்டிய இடம் வாய் பிளக்கும். அப்படியே புரட்டி அமுக்கினால் புத்தகம். ஒரு பக்கம் சுமார் 7.4 செ.மீ. அகலம், 10.5 செ.மீ. உயரம்.

பிரிப்பதற்கு முன் பென்சிலால் 1 முதல் 8 வரை எண் போட்டுவிடுங்கள். பிரித்தால் பாதிப் பக்கங்கள் தலைகீழாக இருக்கும். எண் எந்தப் பக்கம் நேராக நிற்கிறதோ அந்தப் பக்கம் தாளைத் திருப்பி வரைய வேண்டியதுதான்.

படி 2: இந்த ரோபோ வீட்டில் யார்?

1920-இல் செக் எழுத்தாளர் காரெல் சாபெக் ஒரு நாடகத்தில் முதன்முதலாக ‘ரோபோ’ என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். அதன் மூலச்சொல்லுக்குக் கட்டாய உழைப்பு என்று பொருள். நம் கதையிலும் அதை வேலைக்காரனாகவே வைத்துவிட்டால் இரண்டு பக்கத்தில் சலித்துவிடும். ஜப்பானில் சோனி 1999 முதல் விற்ற ஐபோ என்ற நாய் ரோபோக்கள் பழுதாகி, சரிசெய்ய வழியில்லாமல் போனபோது, அவற்றுக்குப் புத்தக் கோயிலில் இறுதிச் சடங்கே நடந்தது. வீட்டு ஆள் என்றால் அதுதான்.

வீட்டு ஆள் ஆக வேண்டுமென்றால் அதற்கும் ஒரு மூலை வேண்டும். என் முதல் கதையைப் படித்த பொடியன் கேட்டது ஒரே கேள்வி: “இது எங்க தூங்கும்?” நான் யோசித்திருக்கவே இல்லை. இப்போது என் ரோபோ ஃப்ரிட்ஜ் பக்கத்தில் நின்றபடி சார்ஜ் ஏறும். ப்ளக் பாயிண்டுக்கு அப்பாவின் போனோடு தினமும் தகராறு.

படி 3: முகம்

மனிதர் மாதிரியே வரையாதீர்கள். ஏறக்குறைய மனிதராக இருந்து, கொஞ்சமே பிசகும் உருவம் பார்ப்பவரைக் கூச வைக்கும் என்று மசாஹிரோ மோரி என்ற ஜப்பானிய ரோபோ ஆய்வாளர் 1970-இலேயே எழுதினார். ஒரு சதுரம், இரண்டு வட்டக் கண், மேலே இமையாக ஒவ்வொரு கோடு. கோடு உள்பக்கம் சரிந்தால் கோபம், வெளிப்பக்கம் சரிந்தால் சோகம், பாதிக் கண்ணை மூடினால் அலுப்பு. வாய் தேவையே இல்லை.

படி 4: கதை

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். நாம் பேசும் தமிழை ரோபோ சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொண்டால் கதை தானாக வரும். “அத்தை வீட்டுல தலையைக் காட்டிட்டு வா” என்றால் என்ன செய்யும்? என் கதை “பாலைப் பார்த்துக்கோ.”

1: அட்டை.
2: அம்மா: “டப்பா, பாலைப் பார்த்துக்கோ, இதோ வந்துடறேன்.” ரோபோ: “அவ்வாறே செய்கிறேன்.”
3: மூன்று கட்டம். பால் அசையாமல் இருக்கிறது, ஆடை கட்டுகிறது, ஏறுகிறது. மூன்றிலும் ரோபோவின் கண் ஒரே மாதிரி.
4: பக்கம் முழுக்கப் பால். அடுப்பு, மேடை, தரை.
5: “பார்த்துக்கோன்னு சொன்னேனே!” “பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.”
6: பாப்பா பாடம் எடுக்கிறாள்: “பால் ஏறினா உடனே அடுப்பை அணைச்சுடணும்.”
7: தை முதல் நாள். கேஸ் அடுப்பில் மஞ்சள் கட்டிய பானை. பால் விளிம்புக்கு வந்துவிட்டது. குலவையிடப் பாட்டி வாயைக் குவித்துவிட்டாள். ஓரத்தில் ஒரு தகரக் கை.
8: பானை அடங்கிவிட்டது. எல்லோரும் சிலை. ரோபோ: “அணைச்சுட்டேன்!”

ஆச்சரியம் எப்போதும் பக்கத்தைத் திருப்பிய பிறகே வர வேண்டும். 3-இல் ஏறும் பால் 4-இல் பொங்குவதும், 7-இன் கை 8-இல் வேலையைக் காட்டுவதும் அதற்காகத்தான்.

இன்னொன்று: ரோபோ 5-ஆம் பக்கம் வரை ஏட்டுத் தமிழ்தான் பேசுகிறது. கடைசி வரியில்தான் வீட்டுத் தமிழுக்கு வருகிறது. “நான் இந்த வீட்டோடு சேர்ந்துவிட்டேன்” என்று தனியாக எழுத வேண்டாம்.

படி 5: எழுத்து முதலில், பலூன் பிறகு

நான் பலூனை (வசனம் எழுதும் குமிழியை) அழகாக வரைந்துவிட்டு ‘பார்த்துக்கொண்டுதான்’ என்பதை உள்ளே அடைக்கப் பார்த்தேன். ‘தான்’ வெளியே தொங்கியது. தமிழ்ச் சொற்கள் நீளம். வசனத்தை எழுதி முடித்து, பிறகு அதைச் சுற்றிக் கோடு போடுங்கள். மனிதருக்கு வட்ட பலூன், ரோபோவுக்குச் சதுரம். யார் பேசுவது என்று பலூனின் வாலைத் தேட வேண்டியிருக்காது.

படி 6: ஒரு குழந்தையிடம் கொடுங்கள்

விளக்கம் சொல்லாமல் கொடுத்துவிட்டு விரலைப் பாருங்கள். விரல் எங்கே பின்னால் போகிறதோ அந்தக் கட்டம் குழம்பியிருக்கிறது. அதை மட்டும் அழித்து வரையுங்கள்.

எல்லாம் சரியென்றால் ஜெல் பேனாவால் கோடுகளை இழுத்து, காய்ந்ததும் பென்சிலை அழியுங்கள். தாளைப் பிரித்து ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுபோங்கள். ஒருபக்க நகல் போதும். ஓரத்தில் அரை செ.மீ. வெறுமையாக விட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் மெஷின் எழுத்தைத் தின்றுவிடும். தாத்தா பாட்டிக்கு மட்டும் ஏ3-இல் பெரிதாக்கி எடுங்கள்.