வாக்குத்தத்த அட்டைக்குப் பின்னால் ஒரு அதிகாரம்: தினமும் வேதம் வாசிக்கத் தொடங்குவது எப்படி?

டிசம்பர் 31 இரவு ஆராதனை முடியும்போது கோயிலில் ஒரு தட்டு வரும். அதில் கவிழ்த்து வைத்த சின்னச் சின்ன வாக்குத்தத்த அட்டைகள், ஒவ்வொன்றிலும் ஒரு வேத வசனம். மனசுக்குள் ஒரு ஜெபம் சொல்லிவிட்டு ஒன்றை எடுப்போம். வீட்டுக்கு வந்து அதைப் பீரோ கண்ணாடியில் சொருகுவோம், இல்லையென்றால் வேதாகமத்துக்குள் வைப்போம். எனக்கு எந்த வருஷம் எந்த வசனம் வந்தது என்று வரிசையாகச் சொல்லிவிடுவேன். அந்த வசனத்தை யார், யாருக்கு, எந்தச் சமயத்தில் சொன்னார்கள் என்று கேட்டால் மட்டும் ரொம்ப நாள் வரைக்கும் என்னிடம் பதில் கிடையாது.

அதே இரவில் நம்மில் பலர் ஒரு தீர்மானமும் எடுப்போம்: "இந்த வருஷம் வேதாகமம் முழுசையும் வாசித்து முடிப்பேன்." அந்தத் தீர்மானம் பிப்ரவரியைத் தாண்டாமல் போனவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நானும் பல வருஷம் அந்தக் கூட்டத்தில் இருந்தவன்தான்.

படி 1: பொருத்தனையைச் சின்னதாக்குங்கள்

முதலில் ஒரு கணக்கு. நம் வேதாகமத்தில் 66 புத்தகங்கள், 1,189 அதிகாரங்கள். ஒரு வருஷத்தில் முடிக்க தினமும் மூன்றுக்கு மேல் வாசிக்க வேண்டும். ஆதியாகமம் 50 அதிகாரம், கதை போல ஓடிவிடும். யாத்திராகமம் 40 அதிகாரம், செங்கடல் வரைக்கும் விறுவிறுப்பு. 25ஆம் அதிகாரத்தில், இஸ்ரவேலர் ஆராதனைக்குப் போட்ட ஆசரிப்புக் கூடாரத்தின் அளவுகள் ஆரம்பிக்கும். 35க்குப் பிறகு அதே அளவுகள் திரும்ப வரும். இந்த வேகத்தில் போனால் ஜனவரி 28 வாக்கில் லேவியராகமத்துக்குள் நுழைவீர்கள். பலிகள், குஷ்டரோகப் பரிசோதனை, எது சுத்தம் எது அசுத்தம். பெரும்பாலான தீர்மானங்கள் படுத்துவிடும் இடம் அதுதான்.

அதற்கு உங்கள் பக்தியைக் குறை சொல்லாதீர்கள். மலை ஏறிப் பழகாதவர் முதல் நாளே கொடைக்கானலுக்கு நடக்கக் கிளம்பினால் வத்தலக்குண்டிலேயே உட்கார்ந்துவிடுவார், அவ்வளவுதான்.

பிரசங்கி 5:5 இந்த விஷயத்தில் ரொம்பக் கறார்: "நீ நேர்ந்துகொண்டதைச் செய்யாமற்போவதைப்பார்க்கிலும், நேர்ந்துகொள்ளாதிருப்பதே நலம்." அதனால் நடுராத்திரி உற்சாகத்தில் பெரிய பொருத்தனை வேண்டாம். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "ஆண்டவரே, அடுத்த முப்பது நாள், தினமும் பதினைந்து நிமிஷம்." இதைத் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். முப்பது நாள் முடிந்த பிறகு அடுத்த முப்பதைப் பற்றி யோசிக்கலாம்.

படி 2: இடமும் நேரமும்

இதில் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. அதிகாலைதான் உத்தமம் என்று எல்லாரும் சொல்வார்கள். மாற்கு 1:35ல் இயேசு இருட்டோடே எழுந்து தனியிடம் போய் ஜெபம் பண்ணினார் என்பதையும் எடுத்துக் காட்டுவார்கள். உண்மைதான். ஆனால் ஐந்து மணிக்கு எழுந்து தண்ணீர் பிடித்து, டிபன் பாக்ஸ் கட்டி, பிள்ளைகளை வேனில் ஏற்றும் அம்மாவிடம் அதைச் சட்டமாகச் சொல்ல எனக்கு மனசு வராது. வேன் போன பிறகு கிடைக்கும் கால் மணி நேரம் அவருக்கு அதிகாலை. நீங்களும் உங்களுக்குத் தோதான நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள், தினமும் அதே நேரமாக மட்டும் இருக்கட்டும்.

போனில் வாசிக்கலாமா என்று கேட்பீர்கள். பஸ்ஸில் போகும்போது வாசிக்கலாம். வீட்டில் இருக்கும்போது அச்சிட்ட புத்தகமே மேல். சங்கீதம் 23ஐத் திறந்து இரண்டாம் வசனத்துக்கு வருவதற்குள் வாட்ஸ்அப்பில் யாராவது குட்மார்னிங் அனுப்பிவிடுவார்கள். அனேகமாக அதிலும் ஒரு வசனம் இருக்கும்!

படி 3: மாற்குவில் ஆரம்பியுங்கள்

புதிதாகத் தொடங்குகிறவருக்கு நான் கொடுக்கும் புத்தகம் மாற்கு சுவிசேஷம். நான்கு சுவிசேஷங்களில் இதுதான் சிறியது, 16 அதிகாரம். வம்ச வரலாறு கிடையாது, நேராக யோர்தான் கரையில் ஆரம்பிக்கிறது. "உடனே" என்ற சொல் கிரேக்க மூலத்தில் நாற்பது முறைக்கு மேல் வருகிறது. மூச்சு வாங்க ஓடி வந்து கதை சொல்லும் ஆளைப் போல இருக்கும்.

ஒரு நாளைக்கு ஒரு அதிகாரம் என்று வைக்காமல் ஒரு சம்பவம் என்று வையுங்கள். குஷ்டரோகி சுகமாவது ஒரு நாள், லேவி அழைக்கப்படுவது இன்னொரு நாள். முடிக்க மூன்று மாதம்கூட ஆகலாம், பரவாயில்லை.

வாசிக்கும்போது வாய்விட்டு வாசியுங்கள். நம் சபைகளில் புழங்கும் மொழிபெயர்ப்பு 1871ல் வந்தது. அதன் நீளமான வாக்கியங்கள் கண்ணை விடக் காதுக்குத்தான் சீக்கிரம் பிடிபடும்.

பழைய தமிழ் ஒரு தடை என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடையேன்" என்று ஓய்வுநாள் பள்ளியில் மனப்பாடம் செய்தபோது, என்னை யாரும் தாழ்வாக நடத்த மாட்டார்கள் என்றுதான் புரிந்துகொண்டேன். 1995ல் வந்த திருவிவிலியம் என்ற மொழிபெயர்ப்பைப் பிற்பாடு புரட்டினால், "ஆண்டவரே என் ஆயர், எனக்கேதும் குறையில்லை" என்று இருக்கிறது. தாழ்ச்சி என்றால் குறைவு! ஆகவே பழகிய வேதாகமத்தை விட்டுவிடாமல், பக்கத்தில் இன்னொரு மொழிபெயர்ப்பும் வைத்துக்கொள்ளுங்கள். புத்தகங்களின் பெயர் மாறியிருப்பதைப் பார்த்துத் திகைக்க வேண்டாம். யாத்திராகமம் அங்கே விடுதலைப் பயணம், சங்கீதம் அங்கே திருப்பாடல்கள்.

படி 4: மூன்று கேள்விகள், ஒரு நோட்டு

நாற்பது பக்க நோட்டு போதும். தேதி, வேதபகுதி, அப்புறம் மூன்று கேள்விகள்: இங்கே என்ன நடக்கிறது? அன்று அங்கே இருந்தவர்களுக்கு இது எப்படிப் பட்டிருக்கும்? எனக்கு இதில் என்ன?

மாற்கு 2:1-12ஐ வைத்துச் செய்து பார்ப்போம். கப்பர்நகூமில் ஒரு வீடு, வாசல் வரைக்கும் கூட்டம். திமிர்வாதக்காரன், அதாவது பக்கவாதம் வந்த ஒருவனை, நாலு பேர் தூக்கி வருகிறார்கள். உள்ளே போக வழியில்லாததால் கூரையைப் பிரித்து, படுக்கையோடு இறக்குகிறார்கள். சுகத்துக்காகக் கொண்டு வந்தால் இயேசு முதலில் பாவமன்னிப்பைச் சொல்கிறார். பாவத்தை மன்னிக்க தேவனால் மட்டும்தானே முடியும் என்று, வேதத்தைக் கற்பிக்கும் வேதபாரகருக்கு உள்ளுக்குள் கொதிக்கிறது. கடைசியில் திமிர்வாதக்காரன் சுகமாகி, படுக்கையை எடுத்துக்கொண்டு நடந்து போகிறான். முதல் கேள்வி முடிந்தது.

இரண்டாவது கேள்விக்குக் கொஞ்சம் கற்பனை வேண்டும். அந்தக் கால கலிலேயா வீடுகளுக்குத் தட்டையான கூரை. மரச்சட்டம், அதன்மேல் கிளைகள், அதன்மேல் மண் பூச்சு. வெளியே படி இருக்கும். பிரிக்கும்போது பிரசங்கம் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் தலையில் மண் கொட்டியிருக்கும். வீட்டுக்காரர் என்ன சொல்லியிருப்பார் என்று மாற்கு எழுதவில்லை. எனக்கு அதைத் தெரிந்துகொள்ள ரொம்ப ஆசை.

மூன்றாவது கேள்விக்கு வரும்போதுதான் அவசரப்படாமல் திரும்ப வாசிக்க வேண்டும். ஐந்தாம் வசனத்தில் இயேசு "அவர்கள் விசுவாசத்தைக் கண்டு" பேசினார் என்று இருக்கிறது. அவன் விசுவாசத்தை மட்டும் கண்டு என்று இல்லை. தூக்கி வந்தவர்களும் அந்தக் கணக்கில் வருகிறார்கள். இதைக் கவனித்த அன்று என் நோட்டில் எழுதியது ஒரே ஒரு வரி: பக்கவாதம் வந்து வீட்டோடு இருக்கும் ஒரு பெரியவரைச் சாயங்காலம் போய்ப் பார்க்க வேண்டும். போனேன். வேறு பெரிய தரிசனம் எதுவும் அன்று கிடைக்கவில்லை.

மூன்றாவது பதில் இப்படி அன்றைக்கே செய்து முடிக்கக்கூடிய காரியமாக இருப்பது நல்லது. "இன்னும் அதிகமாக அன்பு செலுத்த வேண்டும்" என்று எழுதினால் மறுநாள் அது நடந்ததா இல்லையா என்று உங்களுக்கே தெரியாது.

படி 5: அட்டை வசனத்தை அதன் வீட்டில் போய்ப் பாருங்கள்

இனி அந்த வாக்குத்தத்த அட்டை. அதிகம் பேருக்கு வரும் வசனங்களில் ஒன்று எரேமியா 29:11. "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." எனக்கு இது வந்த வருஷம் வெளியூரில் வேலையில் இருந்தேன். சொந்த ஊருக்கு மாற்றல் கிடைக்கப்போகிறது என்பதற்கான அடையாளமாக எடுத்துக்கொண்டேன். மாற்றல் வரவில்லை. கோபத்தோடுதான் ஒரு நாள் அந்த அதிகாரத்தை முழுசாக வாசித்தேன்.

அது ஒரு கடிதம். எருசலேமில் இருக்கும் எரேமியா, பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதியது. கி.மு. 597ல் யூதாவின் ராஜா யெகொனியாவோடு கொண்டு போகப்பட்ட கூட்டம் அது. முந்தின அதிகாரத்தையும் சேர்த்து வாசிக்க வேண்டும். அங்கே அனனியா என்று ஒருவர், இரண்டு வருஷத்தில் எல்லாரும் திரும்பி வந்துவிடுவார்கள் என்று தீர்க்கதரிசனம் சொல்கிறார். கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! எரேமியாவின் கடிதமோ, வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள் என்கிறது. 10ஆம் வசனத்தில் கணக்கும் இருக்கிறது: எழுபது வருஷம். கடிதத்தை வாசிக்கக் கேட்டவர்களில் நடுவயதைத் தாண்டிய யாரும் ஊர் திரும்பப்போவதில்லை. அதற்கு அடுத்த வரிதான் என் அட்டையில் இருந்த 11ஆம் வசனம்.

அதைவிட என்னை மடக்கியது 7ஆம் வசனம். நீங்கள் கொண்டு போகப்பட்ட அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள், அதற்காக ஜெபம் பண்ணுங்கள் என்கிறது. அந்த ஊரில் இரண்டு வருஷம் இருந்தும் எதிர் வீட்டுக்காரர் பெயர் எனக்குத் தெரியாது. பெட்டியைக்கூடச் சரியாகப் பிரித்து வைக்கவில்லை. இந்த வசனம் அட்டையில் வந்து நான் பார்த்ததே இல்லை.

அட்டை எடுப்பதே தப்பு என்று சண்டைக்கு நிற்கிறவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. உங்கள் அட்டை வசனத்துக்கு முந்தின அதிகாரத்தையும் அதே அதிகாரத்தையும் ஒரு வாரம் எடுத்து மெதுவாக வாசியுங்கள் என்று மட்டும் சொல்வேன். ஒத்துவாக்கிய வேதாகமம் இருந்தால் ஓரத்தில் கொடுத்திருக்கும் வசனங்களையும் திருப்பிப் பாருங்கள். கண்ணை மூடிக்கொண்டு வேதாகமத்தைத் திறந்து, விரல் பட்ட வசனத்தை அன்றைய கட்டளையாக எடுக்கும் பழக்கம் இருந்தால், அதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

படி 6: வாசித்ததையே ஜெபமாக்குங்கள்

ஜெபிக்க உட்கார்ந்தால் வார்த்தை வரவில்லை என்பது ஆரம்பத்தில் எல்லாருக்கும் உள்ள கஷ்டம். வாசித்த பகுதியிலிருந்தே வார்த்தையை எடுங்கள். மாற்கு 9ல் ஒரு தகப்பன், விசுவாசிக்கிறேன், என் அவிசுவாசம் நீங்க உதவிசெய்யும் என்று ஒரே மூச்சில் கதறுகிறான். அதை அப்படியே கடன் வாங்கலாம். மனசு பாரமாக இருந்தால் சங்கீதம் 13. ஆறே வசனம், முதல் இரண்டில் மட்டும் "எதுவரைக்கும்" என்று சங்கீதக்காரர் நான்கு தடவை கேட்கிறார். இப்படியெல்லாம் ஆண்டவரிடம் கேட்கலாமா என்று தயங்குகிறவர்களுக்கு நான் காட்டும் சங்கீதம் அதுதான்.

நாள் விட்டுப்போனால்?

விட்டுப்போகும். காய்ச்சல், கல்யாண வீடு, துக்க வீடு, பரீட்சை. விட்டுப்போன நான்கு நாளையும் ஐந்தாம் நாள் சேர்த்து வாசிக்காதீர்கள், அது கடன் அடைப்பது போல ஆகிவிடும். அன்றைய பகுதியில் தொடருங்கள். ஒரு நண்பரோடு பேசி வைத்துக்கொண்டு, இரவில் "வாசிச்சாச்சு" என்று ஒரு வார்த்தை அனுப்பிக்கொள்வது எனக்கு நன்றாக உதவியது. புரியாத வசனத்தில் மாட்டிக்கொண்டு நிற்க வேண்டாம். நோட்டில் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு நகருங்கள். ஐந்தாறு சேர்ந்ததும் உங்கள் ஆயரிடம் கொண்டு போங்கள். ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் இப்படி ஒருவர் நோட்டோடு வந்து நின்றால் அவருக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கும்.

மாற்கு 16க்கு வரும்போது ஒன்றைக் கவனிப்பீர்கள். சில மொழிபெயர்ப்புகளில் 9ஆம் வசனம் முதல் உள்ள பகுதிக்கு அடைப்புக்குறியோ குறிப்போ இருக்கும். மிகப் பழைய கிரேக்கக் கையெழுத்துப் படிகள் சிலவற்றில் அந்த வசனங்கள் இல்லை என்பதால் அப்படி. பயப்பட வேண்டாம், இதையும் ஆயரிடம் கேட்கும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மாற்கு முடிந்தால் பிலிப்பியர், நான்கே அதிகாரம். சிறையிலிருந்து எழுதிய கடிதம் என்பதை நினைவில் வைத்து, ஒருமுறை முழுசாக ஒரே உட்காரலில் வாசியுங்கள். அப்புறம் ஆதியாகமம். லேவியராகமத்துக்கு இப்போதைக்கு அவசரம் இல்லை.

பீரோ கண்ணாடியில் இருக்கும் அந்த அட்டையை எடுத்துத் திருப்பிப் பாருங்கள், பின்பக்கம் காலியாக இருக்கும். அந்த வசனம் யாருக்கு, எப்போது சொல்லப்பட்டது என்று இரண்டு வரியில் அங்கே எழுதி, திரும்பச் சொருகி வையுங்கள்.